கத்தரீனாள் வண்டி நிறுத்திய நான்கு இடங்கள்

மேனாம்பதி கடைவீதியில் மூன்று மாதமாக ஒரு பேச்சு. இஸ்திரி போடும் கத்தரீனாள் எங்கே தன் வண்டியை நிறுத்துகிறாரோ, ஆறு மாதத்துக்குள் அந்த இடத்தை நகரசபை பூங்காவுக்கு எடுத்துக்கொள்ளும். எடுத்த பிறகு அங்கே மரம் நிற்காது, மனிதரும் நிற்க முடியாது.

எனக்கு இதைச் சொன்னவர் விதைக்கடை குப்பண்ணன். எருத்தேன்பதிப் பக்கம் தென்னந்தோப்பு, ஊருக்கு நடுவில் உரமும் விதையும் விற்கும் கடை, கடையை ஒட்டிப் பதினான்கு சென்ட் காலி மனை என்று நிறைவாக இருப்பவர். அன்று அந்த மனையில் அறுவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வேப்ப மரங்களில் ஒன்று ஏற்கெனவே படுத்துவிட்டது.

"நல்ல மரமாச்சே, ஏன் வெட்டுகிறீர்கள்?" என்றேன்.

"நெழல் இருந்தா அந்தம்மா வருமுங்க. அந்தம்மா வந்தா பூங்கா வருமுங்க. பூங்கா வந்தா இந்த எடம் எனக்கில்லைங்க. நானே வெட்டிப்போட்டா வெறகாவது மிஞ்சும் பாருங்க."

"ஓர் இஸ்திரி வண்டிக்கா இவ்வளவு பயம்?"

"ஏனுங்க, நீங்க பத்திரிகைல எழுதற ஆளு. ஊர்ல பாதி மரம் போயிருச்சு, கண்ணுல படலீங்களா? மருந்துக்கடைக்காரர் வெட்டிட்டாரு. லாட்ஜுக்காரர் வெட்டிட்டாரு. அந்தம்மாவுக்குத் திருவனந்தபுரத்துல ஆளு இருக்குதுன்னு சொல்றாங்க. மந்திரம் தெரியும்னும் சொல்றாங்க. ரண்டுல எதுன்னு எனக்குத் தெரியலீங்க. எதுவா இருந்தாலும் வேம்புக்கு வேலை இல்லீங்க."

பிறகு கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கடைவீதி நெடுக வாசலுக்கு வாசல் புது அடிமரக் கட்டைகள். கணவாய்க் காற்று மார்ச் மாதத்தில் அடுப்பைத் திறந்து விட்டதுபோல வரும் ஊர் இது. அந்தக் காற்றில் மரத்தூள் பறந்தது. ஒரு வதந்தி இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. சரிபார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் பூங்காக்கள். நகரசபைக்கு ஊர் நடுவில் நான்கு பூங்கா அமைக்கப் பணம் வந்திருக்கிறது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் நான்கு இடமும் முடிவாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தப் பணமும் திரும்பிப் போய்விடும். மூன்று இடம் முடிவாகிவிட்டது. ஒன்று, பழைய கருவூலத்தின் பின்சுவர் ஓரம், புங்க மரம் நின்ற இடம். இரண்டாவது, பழைய பஸ் நிலையத்துக் கழிப்பறைக்கு அப்பால், வாகை மரம் நின்ற இடம். மூன்றாவது, ரேஷன் கிடங்குக்கு எதிரே, அத்தி நின்ற இடம். மூன்று வாக்கியத்திலும் 'நின்ற' என்று எழுதியிருக்கிறேன்; தரையைச் சமப்படுத்த மரம் இடைஞ்சலாக இருந்ததாம். இப்போது மூன்றிலும் பச்சைக் கம்பி வேலி, பூட்டிய கேட், இரும்புக் கூண்டுக்குள் ஒரு முழ உயரத்துக்கு ஒரு குச்சி, வெயிலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. பெஞ்சு அடியில் நாய்கூடப் படுக்கவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். திறப்பு விழா முடிந்ததும் தெரிவிக்கப்படும் என்றார்கள்.

மூன்று இடத்திலும் அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். மூன்று இடத்திலும் கத்தரீனாளின் வண்டி நின்றிருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து மாதம். வதந்தி கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக இருந்தது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

கத்தரீனாள் இப்போது நிற்பது காளைச்சந்தை மைதானத்தின் மூலையில், தூங்குமூஞ்சி மரத்தடியில். சந்தை நின்று பல வருடம் ஆகிறது. மரம் மட்டும் ஒரு கல்யாணப் பந்தலுக்கான அகலத்தில் விரிந்து கிடக்கிறது. கடைக்காரர்கள் வெட்டித் தீர்த்த பிறகு ஊர் நடுவில் மிச்சமிருக்கும் ஒரே பொது நிழல் அதுதான். கத்தரீனாளுக்குப் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் சுடலை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எக்கா, அடுத்த வாரம் வண்டிய எங்க மாமியா வீட்டு வாசல்ல கொண்டு நிறுத்து. சீட்டுல விழாதது அதுலயாவது விழட்டும்" என்றார் சுடலை.

"ஒம் மாமியாளுக்குப் பூங்கா ஒண்ணுதான் கொறச்சல். செருப்பு எடுத்துட்டு வருவா, எனக்கில்ல, ஒனக்கு" என்றார் கத்தரீனாள், தலையை நிமிர்த்தாமல்.

அறுபத்தொரு வயது. கழுத்தில் ஜெபமாலை, கையில் ஆறு கிலோ எடையுள்ள கரிப்பெட்டி. சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளியவர். கணவர் ஃபாக்டரியில் இருந்தார், இறந்துவிட்டார். எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. ஐம்பத்தெட்டு வயது முடிந்த மாதம் லயத்து வீட்டின் சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்துவிட்டு, மகள் இன்பமேரியைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று மலையிறங்கி வந்தார். மகளுக்கு பேக்கரியில் வேலை, ஒற்றை அறை வாடகை வீடு. ஆகவே பகல் முழுவதும் வெளியே நின்றாக வேண்டும். கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு பங்கு இந்த வண்டி ஆனது.

"இடம் எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று கேட்டேன். மந்திரமா, திருவனந்தபுரமா என்பதைச் சுற்றி வளைத்துத்தானே கேட்க முடியும்.

"ஒரு வாரம் பாப்பேன் சார். நிழலு காலைல எங்க விழுது, உச்சில எங்க, மூணு மணிக்கு எங்க, அஞ்சுக்கு எங்கன்னு பாப்பேன். யாரு வாசலையும் மறைக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் வேணும். சண்டைக்கு வாரவுக இருக்கக் கூடாது. அப்புறம் குறி போடுவேன்."

"குறியா?"

வண்டியின் கீழ்த்தட்டில் ஒரு சிரட்டை. அதில் சுண்ணாம்பு. கத்தரீனாள் குனிந்து தரையைக் காட்டினார். மரத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் திட்டுகள், ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம். பத்து மணி நிழலின் ஓரம், உச்சி நிழலின் ஓரம், மூன்று மணியின் ஓரம். வண்டியை எந்நேரம் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு அடையாளம்.

"எஸ்டேட்ல காலைல நிரை பிரிச்சுக் குடுப்பாக. இந்தச் செடில இருந்து அந்தச் செடி வரைக்கும் ஒனக்குன்னு. நான் மொதச் செடிலயும் கடைசிச் செடிலயும் சுண்ணாம்பு வச்சிருவேன். பெறகு எவளும் எங்கிட்ட வாயக் குடுக்க முடியாது. அந்தப் பழக்கம்தான்."

"மழையில் போகாதா?"

"துணிக்குப் போடுத கஞ்சியில கொழச்சு வைக்கேன். லேசுல போகாது. கருவூலத்துச் செவத்துல வச்சது இன்னும் இருக்கும், போயிப் பாருங்க."

எனக்கு ஏதோ லேசாக உறுத்தியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

பிடிபட்டது மறுநாள், நகரசபைக் கட்டிடத்தின் மாடியில். பூங்கா இடங்களை அளக்கும் வேலையை நகரசபை ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டிருக்கிறது. அவர்கள் சார்பில் இங்கே இருப்பவர் சிவப்பிரகாஷ் என்ற இளம் இன்ஜினியர், எருத்தேன்பதிக்காரர்தான். பணிவான ஆள். மூன்று பூங்காக்களின் வரைபடத்தையும் திரையில் காட்டினார். ஒன்றுக்கும் நேர்கோடு இல்லை. மூன்றும் முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் பிதுங்கியிருந்தன.

"இந்த வடிவம் யாருடைய யோசனை?"

"எங்க ஆர்க்கிடெக்ட் கொச்சில இருக்காருங்க. இயற்கையோட ஒட்டின வடிவம்னு ரொம்பப் பாராட்டுனாருங்க. ஆனா வரைஞ்சது நாங்க இல்லீங்க சார். இங்க ஓவர்சியர் முன்னாலயே குறி போட்டு வெச்சிருந்தாருங்க. நாங்க காலைல ஆறரைக்கு, வண்டி வாசி இல்லாத நேரத்துல போயி, அந்தக் குறியை மட்டும் அளந்துட்டு வந்துருவோம்."

ஓவர்சியரின் மேசை அதே மாடியில், பத்தடி தள்ளி இருந்தது. அவரிடம் கேட்டேன். குறி போட்டது அளவுக் கம்பெனிதான், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தான் வெறுமனே கையெழுத்துப் போட்டேன் என்றார். இருவரும் தினமும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். இரண்டு வருடமாக இதைப் பற்றிப் பேசிக்கொள்ளத் தேவைப்படவில்லை.

ஆக, கத்தரீனாள் காலை ஏழரைக்கு வண்டியோடு வருவதற்குள் இவர்கள் வந்து போயிருக்கிறார்கள். துணியில் சுருக்கம் எடுக்கிறவர் மர நிழலுக்குப் போட்ட குறியை நகரசபை பூங்காவின் எல்லையாக எடுத்திருக்கிறது. நிழலின் வடிவத்தில் பூங்கா வரைந்து, அந்த வடிவத்துக்கு இடைஞ்சல் என்று மரத்தை வெட்டியிருக்கிறார்கள். நான் இந்தப் பத்தியை இதற்கு மேல் கிண்டலாக எழுத முயன்றால் தோற்றுப்போவேன்.

சிவப்பிரகாஷிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரையை அணைத்தார்.

"சார், இதை நீங்க எழுத வேண்டாங்க. மூணு எடம் சர்க்கார் ஒப்புதல் ஆயாச்சு. நாலாவதை வியாழக்கிழமை அளக்கறோம். காளைச்சந்தை மைதானத்துல குறி இருக்குதுன்னு நாடா பிடிக்கற பையன் சொன்னான். அளந்து அனுப்பீட்டா எங்க வேலை முடிஞ்சுது."

"அது அந்தம்மாவின் நிழல் குறி என்று இப்போது தெரியுமே."

"தெரியுமுங்க" என்றார்.

அன்று மத்தியானமே மரத்தடிக்குப் போய்ச் சொன்னேன். கத்தரீனாள் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"அப்ப மூணு மரமும் எங் கையாலதான் போச்சா?" என்றார் கத்தரீனாள்.

"நீங்கள் வெட்டவில்லையே."

"இந்த மரமும் போனா இந்த ஊர்ல நிக்க எடம் இல்ல சார். வெயில்ல கரிப்பெட்டியோட ஒரு நா நின்னு பாருங்க, தெரியும்."

அன்று அவர் மேற்கொண்டு ஒரு துணியும் தேய்க்கவில்லை. வாளியில் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு, மண்டியிட்டு, ஒவ்வொரு குறியாகத் தேய்த்தார். கஞ்சி போட்ட சுண்ணாம்பு. ஒரு குறிக்குக் கால் மணி நேரம் ஆனது. சுடலை சீட்டுப் பலகையை மடித்து வைத்துவிட்டு இன்னொரு நார் எடுத்தார். மாலைக்குள் தரை துடைத்த பலகை மாதிரி ஆகிவிட்டது. வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரு பகல் இருந்தது.

அந்தப் பகலில் நான் ஒரு காரியம் செய்தேன். வதந்தியைக் கொன்றுவிட்டால் ஊரில் மரம் வெட்டுவது நிற்கும் என்று நினைத்து, நேராகக் குப்பண்ணனின் கடைக்குப் போய், மந்திரமும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் சுண்ணாம்புதான் என்று விளக்கினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கல்லாவை மூடிவிட்டு, என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"அப்ப, குறி இருக்கற எடத்தை எடுத்துக்குவாங்க."

"ஆமாம், அவ்வளவுதான் ரகசியம்."

"இப்ப மைதானத்துல குறி இல்லீங்க."

"இல்லை. அழித்துவிட்டார்."

"நாலாவது எடம் வேணுமுங்களே அவிங்களுக்கு. வியாழக்கிழமை மைதானத்துல ஒண்ணும் இல்லீன்னா அடுத்தது எங்க பாப்பாங்க? காலி மனை எங்க இருக்குதுன்னு பாப்பாங்க." அவர் திரும்பித் தன் பதினான்கு சென்டைப் பார்த்தார். வேம்புகள் இரண்டும் இப்போது இல்லை. மனை துடைத்து வைத்தாற்போல, பார்ப்பவர் கண்ணில் உடனே படும்படி வெட்டவெளியாகக் கிடந்தது. அவருக்குப் பின்னால் சுவரோரம் சுண்ணாம்புத் தூள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. தோப்புக்குப் போடுவதற்கு விற்பது. நான் அந்த மூட்டைகளைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு நான் மைதானத்துக்குப் போனபோது கத்தரீனாள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கனத்த வெள்ளைக்கோடு. நான்கு பக்கமும் நேர்கோடு, நான்கு மூலையும் கச்சிதம். மரம், வண்டி நிற்கும் இடம், சுடலையின் ஸ்டூல் எல்லாம் உள்ளே.

"இது எங் கை இல்ல" என்றார் கத்தரீனாள். "எனக்கு இவ்வளவு நேரா வராது."

வெறும் தூள்தான். துடைப்பம் எடுத்துப் பத்து நிமிடத்தில் பெருக்கித் தள்ளிவிட்டார். எட்டரைக்கு ஜீப் வந்தது. அவர்கள் அன்று வழக்கத்தைவிடத் தாமதமாக வந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. அவசரப்படத் தேவை இருக்கவில்லை. சிவப்பிரகாஷ் இறங்கி, பெருக்கிய தரையைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார்.

"குறி எதுவும் இல்லையே, தம்பி" என்றார் கத்தரீனாள். குரலில் ஒரு சின்ன நம்பிக்கை.

"காலைல அஞ்சே முக்காலுக்கே ஃபோட்டோ வந்துருச்சுங்கம்மா." ஃபோனைத் திருப்பிக் காட்டினார். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மரமும், அதைச் சுற்றிய வெள்ளைச் சதுரமும். "பொதுமக்கள் கருத்துன்னு ஒரு பக்கம் நாங்க நிரப்பணும். ரண்டு வருசமா யாரும் ஒண்ணும் அனுப்பலை. இதுதான் மொத கருத்து. தள்ள முடியாதுங்க."

"அனுப்பினது யாரு?"

"பேர் வெளிய சொல்லக்கூடாதுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "குறியை அழிச்சது யாருன்னு மேல கேட்டா என்ன சொல்றதுங்க சார்?" என்றார்.

துடைப்பம் கத்தரீனாளின் கையில் இருந்தது. பையன் நாடாவைப் பிடித்துக்கொண்டு, இல்லாத கோட்டின் மேல் நடந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது; மார்ச் கடைசி வாரத்தில் சர்க்கார் வேலை எல்லாமே அப்படித்தான். திங்கட்கிழமை அடிக்கல் என்று பந்தல்காரர் வந்து குழி தோண்டினார். சனிக்கிழமை நகரசபைப் பியூன் ஒரு துணிமூட்டையோடு மரத்தடிக்கு வந்தார். அடிக்கல்லை மூடப் பச்சைப் பட்டுத்திரை ஒன்று, மேடைக்கு விரிப்பு ஒன்று, விருந்தாளிகளுக்குப் போர்த்தப் பதினோரு பொன்னாடை. நன்றாகத் தேய்த்து வைக்க வேண்டும், விழாவில் சுருக்கம் தெரியக் கூடாது.

"வாங்காதக்கா, திருப்பி விடு" என்றார் சுடலை.

"துணி என்னல பண்ணிச்சு" என்று சொல்லிவிட்டுக் கத்தரீனாள் கரியை ஊதினார். பட்டுக்குச் சூடு குறைவாக இருக்க வேண்டும். அடிக்கொரு தரம் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, மேலே ஒரு வெள்ளைத்துணி போட்டு, மூன்று மணி நேரம் தேய்த்தார். அந்த மரத்தடியில் அவர் செய்த கடைசி வேலை அது.

திங்கட்கிழமை திரை சுருக்கமில்லாமல் விலகியது. செவ்வாய்க்கிழமை வேலி. புதன்கிழமை அறுவை மெஷின்.

இப்போது கத்தரீனாளின் வண்டி எங்கேயும் நிற்பதில்லை. இன்பமேரி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், ராத்திரி வண்டியைத் தன் காம்பவுண்டுக்குள் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேக்கரியின் பின்பக்கச் சந்தில் சங்கிலி போட்டு வைக்கிறார்கள். பகலில் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போய், வாசலில் துணி வாங்கி, வெயிலிலேயே தேய்த்துக் கொடுத்துவிட்டு நகர்கிறார். ஓரிடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் யாராவது ஒருவர் உள்ளிருந்து வந்து வாசற்படியில் நின்று பார்க்கிறார். அவர் போன பிறகு சிலர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தைக் கழுவிவிடுகிறார்கள். குப்பண்ணனின் கடையில் சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டது. கடைவீதியில் ஒவ்வொருவரும் காலையில் முதல் வேலையாகத் தன் காலி மனையைச் சுற்றி வந்து தரையைப் பார்க்கிறார். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

பட்டுத்திரைக்கும் விரிப்புக்கும் பொன்னாடைக்கும் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய். பில் இல்லாமல் தர முடியாது என்று நகரசபையில் சொன்னதால் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அதே தாள் திரும்பி வந்தது. கத்தரீனாளோடு கவுண்டருக்குப் போனேன். கிளார்க் கிருத்திகா நல்ல பெண். எழுந்து நின்று பேசினார்.

"வேலை செஞ்ச எடம்னு ஒரு கட்டம் இருக்குதுங்கம்மா. அதுல எடம் எழுதோணும்."

"காளைச்சந்தை மைதானம்னு எழுதும்மா."

"அது இப்போ ரெக்கார்டுல பூங்காவுங்க. பூங்காவுக்குள்ள வியாபாரம் பண்ணக்கூடாது. அப்படி எழுதுனா உங்களுக்குத்தான் அபராதம் வரும். வேற எடம் எதாச்சும் சொல்லுங்கம்மா. இப்ப எங்க நிக்கறீங்க?"

கத்தரீனாள் யோசித்தார். கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்ற நான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் எந்தத் தெருவின் பெயரைச் சொல்லப் போகிறார் என்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெறகு சொல்லுதேன்" என்றார்.

பில் கிருத்திகாவின் மேசைத் தட்டில் இருக்கிறது. நூற்று நாற்பது ரூபாய்.